வீட்டுக்குத் தூரம்

அச்சகத்துக்காரர் கேட்டார்: “லாரி சர்வீஸாம்மா?”
“பாட்டுக் குழுண்ணே” என்றாள் பேச்சி.
பெயரை மறுபடி வாசித்தார்.
அர்த்தம் உறைத்ததும்
நோட்டீஸைக் கையால் தொடாமல்
பேனா நுனியால் எங்கள் பக்கம் தள்ளினார்.
பெயர் வேலை செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

கரண்ட் போய்ப் போய் வந்த வருஷங்கள்.
செல்லூரில் தறி நின்ற ஷெட்டில்
ஞாயிறு மூன்று முதல் ஐந்து வரை,
வந்தால் வந்தது.
உங்கள் பாட்டெல்லாம் ஏன் ஒன்றரை நிமிஷம்,
அழகியலா என்று பிற்பாடு ஒருவர் கேட்டார்.
ட்ரான்ஸ்ஃபார்மர், சார்.

பேச்சிக்கு
மாட்டுத்தாவணியில் பூ ஏலம் கூறிக் கிழிந்த தொண்டை.
ஞானஒளிவுபுரம் அருள்சீலிக்கு
கோயில் கொயரில் கற்ற மூன்றே மூன்று கார்டு,
நாலாவது பாவம் என்பாள்.
அத்தாவின் வெல்டிங் பட்டறையில்
பீப்பாயை அறுத்து ட்ரம் ஆக்கினாள் நூர்நிஷா,
அவள் தூங்குவதாக வீடு நம்பிய மதியங்களில்.
நான் சாயப்பட்டறை. நகக்கண்ணெல்லாம் நீலம்.
பேஸ் கிடாருக்கு நாலு கம்பி வேண்டும்;
ரெண்டுதான் வாங்க முடிந்தது.

வில்லாபுரத்தில் ஒரு சடங்கு வீடு.
பேசிவைத்த ஆர்கெஸ்ட்ராவின் வேன்
திருமங்கலத்தில் படுத்துவிட்டது.
லேடீஸ் பார்ட்டி ஒன்று இருக்கிறதென்று
யாரோ சொல்லி, ஆட்டோ அனுப்பினார் தாய்மாமன்.
பெயரை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.
ஃப்ளெக்ஸில் பதினேழு மாமன்கள், ஒரு சிங்கம்.
பிள்ளை முத்துப்பிரபா தபால்தலை அளவில்.

ரெண்டு பாட்டு வரைக்கும்
ஸ்பீக்கர் ரிப்பேர் என்று நினைத்தார்கள்.
மூன்றாவதில் பேச்சி
மொய் வாசிக்கிறவர் குரலையே எடுத்தாள்:

கீரைத்துறை ராசாத்தி
இருபத்தாறு வருஷச் சமையல்
வரவு இல்லை.
அவனியாபுரம், பேர் வேண்டாம்
காலேஜில் கிடைத்த சீட்டு
தம்பி வகையில் பற்று.

பெண்கள் முதலில் சிரித்தார்கள்.
பந்தியிலிருந்து ஒருத்தி
ரசம் வழியும் கையோடு எழுந்து வந்து
தன் ஊரையும் பேரையும் சொன்னாள்.
பின்னாலேயே இன்னொருத்தி.
அவள் மாமியாரும்.

ராணி நாற்காலியிலிருந்து மாலை இறங்கியது.
“எம் பேரையும் வாசிங்கக்கா.”
“தொகை?”
“பதினாறு நாளு குச்சுக்குள்ள.
தனித் தட்டு. தனி டம்ளர்.
கணக்குப் பரீட்சை ஒண்ணு.”

நாலாவது பாட்டின் பாதியில் ஒரு நாற்காலி பறந்து வந்தது.
நூர்நிஷாவுக்கு முன்பல் ஒன்று போனது.
வாயில் ரத்தத்தோடு அடித்து முடித்துவிட்டுத்தான்
எழுந்தாள்.

மொய் எழுதுகிறவர் எதையும் கவனிக்கவில்லை.
மைக்கில் வந்ததை எழுதிப் பழகிய கை,
எல்லாவற்றையும் எழுதியிருந்தது
ஐநூற்றொன்றுகளுக்கும் ஆயிரத்தொன்றுகளுக்கும் நடுவே.
கடைசி வரி:
வீட்டுக்குத் தூரம், நாலு பாட்டு.

மொத்தம் பதினொரு மேடை.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
நோக்கியாவில் பதிந்ததெல்லாம்
டவுன்ஹால் ரோட்டு ரிப்பேர்க் கடையோடு போயிற்று.
அருள்சீலி மஸ்கட்டில் நர்ஸ்.
பட்டறை இப்போது நூர்நிஷா பேரில்.
சண்டை போட்டுப் பிரிந்தோம் என்பார்கள்.
சண்டையும் போட்டோம்தான்.
ஆனால் பிரிந்தது
ஷெட்டுக்கு வாடகை ஏறியதால்.

போன வாரம் ஒரு போன்.
“அக்கா, முத்துப்பிரபா பேசுறேன்.
மொய் நோட்டைப் புரட்டினேன்.
உங்களுக்குத் திருப்பிச் செய்யவே இல்லையே நாங்க.
நாலு பாட்டு நிக்குது.
நாங்க அஞ்சு பேரு இருக்கோம், ட்ரம்ஸ் சொந்தம்.
உங்க வீட்டுல எப்ப விசேஷம்?”

எனக்கு முப்பத்தாறு.
கல்யாணமாகிப் பத்து வருஷமாய்
எதிர்ப்பட்ட ஒவ்வொரு வாயும் கேட்ட கேள்விதான்,
வயிற்றைப் பார்த்துக்கொண்டே.
விசேஷம் ஏதும் உண்டா?

பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.
“என்ன விசேஷம்னு போட?” என்கிறார் அச்சகத்துக்காரர்,
அதே ஆள், கண்ணாடி மட்டும் தடித்திருக்கிறது.
விசேஷம்னு மட்டும் போடுங்கண்ணே.
கீழே, கரண்ட் இருக்கிற நேரம்.